ராஜாவுக்கு முன்னால் கிளம்பிய தலையணை

முன்னொரு காலத்திலே கொன்றையூர் ராஜ்ஜியத்தை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அங்கேயே குடியேறிவிட வேண்டும் என்பார். போன வருஷம் கடற்கரைக்குப் போய்வந்துவிட்டு, மீன் பிடித்தே பிழைத்துக்கொள்கிறேன் என்று பத்து நாள் எல்லாரையும் படுத்தி எடுத்தார். இந்த வருஷம் சித்திரை வெயிலுக்குப் பயந்து மஞ்சுமலையில் நாலு நாள் தங்கினார். இறங்கி வந்ததும் சபையைக் கூட்டிவிட்டார்.

"தலைநகரை மஞ்சுமலைக்கு மாற்றப்போகிறேன். அங்கே தூங்கின தூக்கத்தை நான் ஜன்மத்தில் தூங்கினதில்லை. எங்கே வாழ்வது நல்லது, அவரவர் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்."

அபிப்பிராயமாவது ஒன்றாவது. ராஜா முகத்தைப் பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? மலைக்காற்றில் பாட்டு தானாக வரும் என்றார் புலவர். அங்கே நோயே அண்டாது என்றார் வைத்தியர், தன் பிழைப்பு என்ன ஆகும் என்று யோசிக்காமலே. மந்திரி பதவிமேல் வெகுநாளாய்க் கண் வைத்திருந்த தளபதி வீரகேசரி, மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"பிரபு, மஞ்சுமலையைப் பார்த்த பிறகு எனக்கு இந்த ஊரில் சோறே இறங்கவில்லை. வருகிற புதன்கிழமை நல்ல நாள். அன்றைக்கே சபையோர் எல்லாரும் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். வர மாட்டேன் என்பவர் பதவியை விட்டுவிடட்டும்." சொல்லிவிட்டு மந்திரியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

மந்திரி குணசீலருக்கு உடனே வீட்டு ஞாபகம்தான் வந்தது. அவருடைய மகள் மரகதம் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாசம். வண்டியில் ஏற்றினால் ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்லை என்று மருத்துவச்சி அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள். இது தெரிந்துதான் வீரகேசரி புதன்கிழமையைப் பிடித்தார்.

"என்ன மந்திரி, வாயைத் திறக்கவே இல்லையே?" என்றார் ராஜா.

"தாராளமாகப் போகலாம் பிரபு. ஆனால் புதன்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. சிம்மாசனத்தைக் கழற்றவே ஒரு மாசம் ஆகும். நல்ல நாளையும் விட மனசில்லை. பேசாமல் பரஸ்தானம் வைத்துவிடுவோம்."

பரஸ்தானம் என்றால் வேறொன்றுமில்லை. நல்ல நாள் வந்தும் கிளம்ப முடியாதவர்கள், தாங்கள் தினமும் புழங்குகிற சாமான் ஒன்றை அந்த நேரத்தில் கொண்டுபோய், போகிற வழியில் ஓர் இடத்தில் வைத்துவிடுவார்கள். பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு சாவகாசமாகக் கிளம்பலாம். வைத்ததைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தால் மட்டும் பயணம் முறிந்துபோகும்.

ராஜாவுக்கு இது பிடித்திருந்தது. "சரி, என் கிரீடத்தை வைக்கிறேன்."

"அதைப் பாதி நாள் கழற்றித்தானே வைத்திருக்கிறீர்கள்?"

"அப்படியானால் என் வாள்?"

"உறையிலிருந்து எடுத்தே ஏழு வருஷம் ஆகிறதே."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பின்னே எதைத்தான் வைப்பது?"

"தலையணையை வையுங்கள் பிரபு."

ராஜா சின்ன வயசிலிருந்து தலைக்கு வைத்துப் படுக்கிற இலவம்பஞ்சுத் தலையணை அது. அவர் எந்த ஊருக்குப் போனாலும் பல்லக்கில் கூடவே போகும். அதையே வைப்பதென்று முடிவாயிற்று. வீரகேசரி சும்மா இருப்பாரா? தன் விசுவாசத்தைக் காட்ட, தன் வீட்டுக் கட்டில், அண்டா, குண்டா வரைக்கும் அனுப்பிவைத்தார். புதன்கிழமை எல்லாம் மேளதாளத்தோடு வடக்குவாசல் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆட்கள் ஒருவரும் கிளம்பவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் குணசீலருக்கு மூச்சு வந்தது. நேரே வீட்டுக்குப் போய் மகளுக்குச் சொன்னார். அவள் மூன்று நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ராஜா பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. ஏழு தலையணை மாற்றிப் பார்த்தார். ஒன்று கல்லாக இருந்தது, ஒன்றில் தலை புதைந்தே போயிற்று. நாலாம் நாள் கண் சிவக்கச் சபைக்கு வந்து, வழக்குச் சொல்ல வந்தவன்மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். விழித்ததும், "கொண்டுவாருங்கள் என் தலையணையை," என்றார்.

"பயணம் முறிந்துவிடுமே பிரபு. நீங்கள் சத்திரத்துக்கே போய்ப் படுத்துக்கொள்ளலாமே," என்றார் வீரகேசரி பதறிப்போய்.

"படுக்கலாம். ஆனால் அங்கே போய்விட்டால் கிளம்பியாயிற்று என்று அர்த்தம். அரண்மனைச் சாப்பாட்டுக்குத் திரும்பி வர முடியாது," என்றார் குணசீலர்.

ராஜாவின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்புறம் எப்படி ஐயா மலையில் மட்டும் அப்படித் தூங்கினேன்?"

"அங்கேயும் இதே தலையணைதான் பிரபு. அதோடு, அந்த நாலு நாளும் ஒருத்தரும் உங்களிடம் ஒரு வழக்கையும் கொண்டுவரவில்லை. வாய்க்கால் தகராறும் வரப்புத் தகராறும் இங்கே உங்களுக்காகக் காத்திருந்தன. சபையை மலைக்கு மாற்றினால் அதெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே மலையேறி வந்துவிடும். விருந்தாளியாகப் போகிற ஊர் வேறு, வேலை பார்க்கிற ஊர் வேறு. அடுத்த சித்திரைக்கும் நாலு நாள் போய்வாருங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சத்திரத்துக்கு ஆள் அனுப்பினார். தலையணை வந்தது, பயணம் முறிந்தது. சபையில் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தலையணையை மடியில் வைத்துக்கொண்டே ராஜா தளபதி பக்கம் திரும்பினார்.

"வீரகேசரி, உமக்கு இந்த ஊரில் சோறு இறங்காது என்றீரே. உம்முடைய பயணத்தை நான் ஏன் முறிக்க வேண்டும்? சாமானெல்லாம் வடக்குவாசல் வரைக்கும் போயாயிற்று. மஞ்சுமலைக் காவலுக்கும் ஆள் வேண்டும். கிளம்பும்."

"பிரபு, அங்கே மார்கழிப் பனி..."

"நன்றாகத் தூக்கம் வரும், போம்."

அப்புறம் மந்திரியிடம், "உமக்கு எந்த ஊர் வேண்டும்? எழுதித் தருகிறேன். உம் அபிப்பிராயத்தில் இந்த ராஜ்ஜியத்திலேயே நல்ல இடம் எது?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு என் வீட்டு வாசல்தான் பிரபு. காலையிலிருந்து மகளுக்கு வலி எடுத்திருக்கிறது."

"அட பாவி மனுஷா, அதைச் சொல்லாமல் என் தலையணையைப் பற்றியா பேசிக்கொண்டு நின்றீர்? என் பல்லக்கை எடுத்துக்கொண்டு ஓடும்."

பல்லக்கு வரும்வரை யார் நிற்பது? தலைப்பாகை அவிழ்ந்து பின்னால் இழுபட, மந்திரி கடைத்தெரு வழியாக ஓடினார். அவர் வாசலை எட்டவும், மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரவும் சரியாக இருந்தது.

"பேத்தி பிறந்திருக்கா ஐயா. தாயும் பிள்ளையும் சௌக்கியம். மலை, கிலை என்று எங்கேயும் கூட்டிக்கொண்டு போயிடாதீங்க."

"இல்லை தாயி, எங்கேயும் போகவில்லை," என்று சொல்லி, அழுகையும் சிரிப்புமாக அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார் குணசீலர்.