யாருடையதோ ஒரு தாழ்ப்பாள்

"தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கித் தள்ளு. அப்பத்தான் போகும்" என்று சொல்லிவிட்டு என் கணவர் ஆற்றுக்குக் குளிக்கப் போனார். தினமும் சொல்வதுதான். ஆற்றில் அன்று புதுவெள்ளம். அவர் திரும்பவில்லை.

அந்தத் தாழ்ப்பாளுக்கு ஒரு கதை உண்டு. அவர் சொன்னால் ஊரே சிரிக்கும். எனக்கு நினைவிருக்கிறபடி நான் எழுதுகிறேன்.

முன்னொரு காலத்தில், நாங்கள் இளையவர்களாக இருந்தபோது, எங்கள் அரசருக்குப் புகழ்ச்சி என்றால் உயிர். என் கணவர் கூத்தபிரான் அவருடைய சபையில் விகடர். அதே சபையில் தளவாய் இரணசிங்கர் இருந்தார். போரில் பட்ட வெட்டு அவர் நெற்றியில் தழும்பாக நின்றது. அதைப் பற்றி அரசர் ஒருநாளும் கேட்டதில்லை. என் கணவர் தும்மினால்கூடச் சிரிப்பார். ஒருமுறை தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டார். அன்று தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் வீட்டு வேலைக்காரியே சொன்னாள்.

ஒரு புலவர் வந்து, கள்ளர் இல்லாத நாடு, கதவுக்குத் தாழில்லாத நாடு என்று பாடினார். அரசர் பூரித்துப்போனார். கதவுகளில் தாழ்ப்பாள் இருக்கிறதே என்று தளவாய் அவர் காதில் போட்டார். மறுநாளே ஊரிலுள்ள தாழ்ப்பாள்களையெல்லாம் பிடுங்கி அரண்மனை முற்றத்தில் குவித்தார்கள். வீட்டுக்குள் யார் வந்தாலும் 'வாங்க' என்று வரவேற்க வேண்டும், வந்தவரை அடித்தால் அடித்த கை வெட்டப்படும் என்று முரசறைந்தார்கள்.

ஒரு பகல் என் கணவர் சபைக்குப் போயிருந்தார். நான் நெல் குத்திக்கொண்டிருந்தேன். தொட்டிலில் மகள் தூங்கினாள். கதவு திறந்தது. குனிந்தபடியே "வாங்க" என்றேன். நிமிர்ந்தால் தளவாயின் மைத்துனன் வேலப்பன், கையில் குறுவாள். அரசர் போட்ட பட்டுச் சால்வையைக் கேட்டான். தராவிட்டால் என்று தொட்டில் பக்கம் திரும்பினான். உலக்கை என் கையில்தான் இருந்தது. கை ஒடிந்து அவன் போட்ட அலறலில் குழந்தை விழித்துக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் என்னைச் சபையில் நிறுத்தினார்கள். தளவாய் ஆணையை எழுத்துப் பிசகாமல் சொன்னார். என் வலக்கையைப் பார்த்தார். அது என் கணவரின் கையாக இல்லையே என்ற குறை அந்தப் பார்வையில் தெரிந்தது.

அரசர் முகம் வாடியிருந்தது. "கூத்தபிரானே, ஆணை ஆணைதான். சொல்வதற்கு ஏதேனும் உண்டா?"

என் கணவர் முன்னே வந்து கும்பிட்டார்.

"தளவாய் அவர்கள் ஒன்றே ஒன்று சொல்லட்டும், அரசே. இவருடைய மைத்துனர் என் வீட்டுக்குக் கள்ளராக வந்தாரா, விருந்தாளியாக வந்தாரா?"

கள்ளன் என்றால், அரசரின் நாட்டில் கள்ளன் உண்டென்று ஆகிவிடும். தளவாய் அரசர் முகத்தைப் பார்த்தார். "விருந்தாளியாகத்தான்."

"விருந்தாளியை என்ன சொல்லி வரவேற்க ஆணை?"

"'வாங்க' என்று."

"என் மனைவி அதைத்தான் சொன்னாள். அவரும் தட்டாமல் வாங்கிக்கொண்டார்."

அரசருக்குத்தான் முதலில் புரிந்தது. சிரித்த சிரிப்பில் மணிமுடி சரிந்தது. சிரிப்பு அடங்குமுன் என் கணவர் வேலப்பன் எங்கள் வீட்டில் போட்டுவிட்டு ஓடிய குறுவாளை எடுத்து அரசர் காலடியில் வைத்தார்.

"விருந்தாளி வெறுங்கையோடு வரவில்லை, அரசே. தொட்டிலில் இருந்த பிள்ளைக்கு இதைக் கொண்டுவந்தார்."

யாரும் சிரிக்கவில்லை. அரசர் குறுவாளையும் தளவாயையும் பார்த்தார். வேலப்பன் சிறைக்குப் போனான், தளவாய் எல்லைக் காவலுக்குப் போனார். தன் வீட்டையும் பிள்ளையையும் காக்கிற கையை இனி யாரும் தொடக் கூடாது என்று புதிதாக முரசறைந்தார்கள்.

என்ன பரிசு வேண்டும் என்று அரசர் கேட்டார்.

"ஒரு தாழ்ப்பாள், அரசே. அடுத்த விருந்தாளியாவது கதவைத் தட்டிவிட்டு வரட்டும்."

அரசர் மறுபடி சிரித்தார். தாழ்ப்பாளைக் குவியலிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு கறவைப் பசுவையும் கொடுத்தார்.

வழியெல்லாம் ஊரார் அவரையே புகழ்ந்தார்கள். 'வாங்க' என்றது நான், அடித்ததும் நான். எனக்கும் பொறாமையாகத்தான் இருந்தது. அவரிடமே சொன்னேன். "உன் கை உனக்கே இருக்குதே, எனக்கு அது போதும்" என்றார்.

முற்றத்துக் குவியலில் எங்கள் தாழ்ப்பாள் அகப்படவில்லை. யாருடையதோ ஒன்றை எடுத்துவந்து மாட்டினார். இன்றைக்கும் அது கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் போகும்.