காய்ந்த பைக்குள் ஈரம்

இந்தக் கதை இரண்டு பெண்களையும் ஒரு பிசினையும் பற்றியது. முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படும். அதனால் சின்ன விஷயம்தானே என்று எதையும் தள்ளிவிடாமல் கேளுங்கள்.

சூலூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. விமான எஞ்சினின் முன்பக்கம் பெரிய விசிறி ஒன்று சுழல்கிறதே, அதன் பிளேடுகளை அங்கே செய்கிறார்கள். பிளேடின் உடம்பு கரி இழையால் ஆனது. எடை குறைவு; ஆனால் பறவையோ மணலோ மோதினால் விளிம்பு சிதைந்துவிடும். அதனால் விளிம்புக்கு மெல்லிய உலோகக் கவசம் ஒட்டுவார்கள். ஆணி கிடையாது, திருகு கிடையாது. பிசின்தான் பிடிமானம்.

அந்தப் பிசின், பாய் போலச் சுருட்டிய படலமாக, காற்றுப் புகாத பையில், உறைபெட்டிக்குள் இருக்கும். வெளியே எடுத்தால் பையின் மேல் பனி பூக்கும். குளிர் விட நான்கு மணி நேரம் ஆகும். அதற்கு முன் திறந்தால் ஈரம் பிசினில் இறங்கிவிடும். ஒட்டியபின் பிசின் இறுக உலையில் வைக்கும்போது அது நுரைத்துப் பிடிப்பைக் கெடுக்கும். ஆகவே அங்கே இரண்டு சட்டம். பனி தானாகக் காய வேண்டும், யாரும் துடைக்கக் கூடாது. திறக்கிறவள் தன் புறங்கையால் தொட்டு, குளிர் இல்லை என்று தெரிந்த பிறகே பையைக் கிழிக்க வேண்டும்.

ஜெசிந்தா ஒட்டுகிறவள். முடித்த வேலைக்குப் பொறுப்பு என்று சீட்டில் குத்த அவளுக்கு ஒரு முத்திரை உண்டு, எண் பதினான்கு. அது கையில் இருக்கும்வரை ஒட்டும் அறை. பறிபோனால் அட்டைப்பெட்டி மடிக்கும் இடம். குணவதி உறைபெட்டிக்குப் பொறுப்பு. அவளுக்கும் ஒரு முத்திரை உண்டு. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினோரு வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி குழம்பை இன்னொருத்தி ஊற்றிக்கொண்டு சாப்பிடுகிறவர்கள்.

ஜெசிந்தா கவலைக்காரி. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனவள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "உன்ற மூக்கு இருந்த இடத்துலதான் இருக்குதான்னு தொட்டுப் பாத்துக்கடி" என்று குணவதி கேலி செய்வாள். ஜெசிந்தாவும் சிரித்துக்கொண்டே மூக்கைத் தொட்டுப் பார்ப்பாள்.

அன்று மதியம் பன்னிரண்டு மணி. கவசத்தைச் சுத்தம் செய்தாகிவிட்டது. அதன்பின் அரை மணிக்குள் ஒட்டியாக வேண்டும். ஜெசிந்தா கையுறை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். குணவதி பையைக் கொண்டு வந்தாள். அவள் இடுப்பில் எப்போதும்போல நீலத் துணி செருகியிருந்தது. பையின் மேல் ஒட்டிய சீட்டில், வெளியே எடுத்த நேரம் எட்டு மணி என்று இருந்தது.

"தொட்டுப் பாத்துச் சொல்லு குணா. நான் கையுறை போட்டுட்டேன்."

"காலைல எட்டு மணிக்கே எடுத்து வெச்சாச்சு. காஞ்சு கெடக்குது, கிழி. இதுக்கும் நல்ல நேரம் பாப்பியா?"

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். பையின் மேல் ஒரு சொட்டுக்கூட இல்லை. கிழித்தாள். கையுறையைத் தாண்டி விரல் நுனி சில்லென்றது. அறையில் ஏசி ஓடுகிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் இழுத்துப் பார்க்கும் சோதனையில் கவசம் பெயர்ந்து வந்துவிட்டது. பிசின் முழுக்க, ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோலத் துளை துளையாக இருந்தது. ஈரம்தான் காரணம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

தரம் பார்க்கும் அதிகாரி நூருன்னிசா இருவரையும் கூப்பிட்டார்.

"நான் எட்டு மணிக்கே எடுத்துட்டேனுங்க மேடம்," என்றாள் குணவதி. "கிழிக்கறப்ப எப்படி இருந்துச்சுன்னு அவளைத்தான் கேக்கோணும். அவளுக்கு எப்பவுமே அவசரமுங்க."

அவசரம்! பூட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவளுக்கு அவசரமாம். ஜெசிந்தாவுக்குக் கோபம்கூட வரவில்லை. மூக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்ன அதே வாய்தானா இது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். குணவதி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"நான் பாக்கறப்ப பை காஞ்சுதானுங்க மேடம் இருந்துச்சு," என்று மட்டும் ஜெசிந்தா சொன்னாள்.

நூருன்னிசா பழைய சீட்டுகள் இருந்த கோப்பைப் பிரித்தார். எல்லாச் சீட்டும் குணவதி பேனாவால் எழுதியதுதான். பனி பட்ட மை, ஒவ்வொன்றிலும் வட்ட வட்டப் புள்ளிகளாக ஊறிக் காய்ந்திருந்தது. அன்றைய சீட்டில் மட்டும் எட்டு என்ற எண் வலப்பக்கமாக நீளமாய் வால் விட்டிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, இருவரின் முத்திரைகளையும் மேசைமேல் வைக்கச் சொன்னார்.

கேட்டீர்களா? பை காய்ந்திருந்தது என்று ஜெசிந்தா சொன்னது பொய்யில்லை. அப்படியானால் உள்ளே ஈரம் எப்படி வந்தது? மேசைமேல் இருக்கும் இரண்டில் எந்த முத்திரையை எடுத்துப் பூட்டுவது சரி?

விடை: தானாகக் காயும் பனி மையைப் புள்ளியாக ஊறவைக்கும், வாலாக இழுக்க ஒரு துணி வேண்டும். எட்டு மணிக்கு எடுக்க மறந்த குணவதி, பத்தரைக்கு எடுத்து, சீட்டில் எட்டு என்று எழுதி, கொடுக்கும் முன் பனியைத் துடைத்துவிட்டாள். பை காய்ந்திருந்தது, குளிர் போகவில்லை. நூருன்னிசா குணவதியின் முத்திரையைப் பூட்டிவிட்டு, மற்றதை ஜெசிந்தா பக்கம் நகர்த்தினார். அவள் எடுக்கவில்லை. "தொட வேண்டியது என்ற கையிங்க மேடம். நான் தொடலீங்களே," என்றாள். அதுவும் ஒரு மாதம் பூட்டில் இருந்தது. இப்போது யார் பை கொண்டுவந்தாலும் கையுறையைக் கழற்றித் தொட்டுவிட்டு, புதுக் கையுறை போட்டுக்கொள்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சில் குணவதி உட்கார்ந்த பக்கத்து இடம் காலியாக இருக்கும். வேறு யாரும் வந்து உட்காருவதற்குள் ஜெசிந்தா அதில் தன் கூடையை வைத்துவிடுகிறாள்.