சிம்னி அறிக்கை

பேராசிரியர் அருமைநாயகம் சென்னையில் பன்னாட்டு வாணிபப் பொருளாதாரம் கற்பிக்க வந்த காலத்தில், அப்படி ஒரு படிப்பு இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்று நம்பி வந்து சேர்ந்தவர்களும் உண்டு. முப்பது வருஷம் தொண்டை வறளக் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றார். அவர் இடத்தில் இப்போது இருப்பவர் அவருடைய மாணவர் சிவகொழுந்து. நாற்பத்தாறு வயதாகிறது, தலையில் பாதி முடி இல்லை, இன்னமும் குருவுக்கு முன்னால் உட்காரமாட்டார்.

மழை பிசுபிசுத்த ஒரு சாயங்காலம் சிவகொழுந்து புரசைவாக்கத்து வீட்டுக்கு வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னப்பா?"

"குடைக்கம்பி சார். வெளிநாட்டுக் கம்பிக்கு இருக்கிற வரியை எடுத்துடலாமான்னு சர்க்கார் கேக்குது. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"எடுத்தா?"

"இங்கே கம்பி செய்யற நானூறு குடும்பத்துக்கு வேலை போயிடும்."

"எடுக்கலேன்னா?"

"ஊரே கூடுதல் விலை குடுத்துக் குடை வாங்கணும்."

"நான் சொல்லிக்குடுத்தபடி எழுத வேண்டியதுதானே?"

"எழுதிட்டேன் சார். உங்க சிம்னி அறிக்கையைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் எழுதினேன். கையெழுத்துப் போடத்தான் கை வரலை. நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க, போட்டுடறேன்."

சீமையிலிருந்து வந்த விளக்குச் சிம்னிக்கு வரி வேண்டாம் என்று பேராசிரியர் அந்தக் காலத்தில் எழுதியதுதான் சிம்னி அறிக்கை. சர்க்கார் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. சிவகொழுந்துக்கு அது வேதம். பதினெட்டு வருஷமாக மாணவர்களை அதை உருப்போட வைத்து உயிரை வாங்குகிறார்.

அவர் நீட்டிய காகிதத்தைப் பேராசிரியர் வாங்கவில்லை. கைத்தடியை எடுத்தார்.

"வா, லைப்ரரி வரைக்கும் போயிட்டு வரலாம்."

வாசலில் அவருக்கு வாடிக்கையான கை ரிக்‌ஷா நின்றது. இழுப்பவர் எல்லப்பன், ஐம்பது வயதிருக்கும். தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்தார். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு இழுத்தார். பாலத்து ஏற்றத்தில் இருமல் வந்து, வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து நின்றார்.

"எல்லப்பன், ரிக்‌ஷாவுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க? இந்த ஐயாவுக்குச் சொல்லுங்க."

ரிக்‌ஷாக்காரரை ஒருவர் 'நீங்க' என்று சொல்லி சிவகொழுந்து கேட்டதில்லை.

"கண்ணாடி ஊதிக்கிட்டிருந்தேனுங்க. விளக்குச் சிம்னி."

"ஏன் விட்டீங்க?"

"சீமைச் சிம்னி சல்லிசா வந்துச்சு. பட்டறையைச் சாத்திட்டாங்க. எங்க தெரு மொத்தமும் சாத்திட்டாங்க."

"இப்ப உங்க வீட்டு விளக்குல என்ன சிம்னி?"

"சீமைச் சிம்னிதானுங்க. அதுதானே சல்லிசு."

சிவகொழுந்துக்கு உடம்பு கூசிப்போனது. இறங்கிவிட்டார். மிச்ச தூரம் முழுக்க மழையில் நனைந்துகொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தார். பேராசிரியர் ஏறு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

லைப்ரரிப் படியில் ஏறி, வண்டிக்காரருக்குக் கேட்காத தூரம் வந்ததும் சிவகொழுந்து நின்றார்.

"அப்போ அந்த அறிக்கை தப்பா சார்?"

"விளக்கு விலை பாதியா இறங்கிச்சு. எழுதினபடியே நடந்தது."

"இவர் யாருன்னு தெரிஞ்சேதான் இவர் வண்டியில ஏறுறீங்களா?"

"ஒரு வருஷம் தெரியாம ஏறினேன். ஆறு வருஷமா தெரிஞ்சு ஏறுறேன்."

"அதை எழுதினது நீங்கதான்னு அவருக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிட்டேன்."

சிவகொழுந்து கேட்காமல் போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

"என்ன சொன்னார் சார்?"

பேராசிரியர் நனைந்த செருப்பை மெல்லக் கழற்றினார்.

"'எங்க போகணும் சார்?'னு கேட்டார்."