போண்டாவுக்கு ஒரு வாய் புல்

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. ஈரக் கல்லின் மேல் இன்னொரு கல்லை வைத்து மெல்ல அரைப்பது போல. நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜெயசீலி குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டினாள்.

"எலியா மதர்? எதையோ கொறிக்குது."

"எலி இல்லை. போண்டாவோட பல்லு. வலியில நறநறன்னு கடிக்குது," என்றார் மதர். "பிரகாசி அக்கா ரூம்ல."

பண்ணைக்காடு ஊருக்கு மேலே, காப்பித் தோட்டம் முடிகிற இடத்தில் அந்த ஜெப வீடு இருந்தது. மதரும், அவரிடம் ஜெபிக்கக் கற்றுக்கொள்ள வந்த இரண்டு பெண்களும் அங்கே இருந்தார்கள். மதருக்கு முப்பத்து மூன்று வயது. பிரகாசிக்கு நாற்பத்து நான்கு. பிரகாசி அவரை மதர் என்றாள். அவர் பிரகாசியை அக்கா என்றார். இரண்டு பேருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் பிரகாசி வந்து இறங்கியபோது அவளிடம் ஒரு துணிப்பையும் ஒரு கூண்டும் இருந்தன. கூண்டுக்குள் போண்டா. வெள்ளையும் பழுப்புமாக, வாலில்லாத ஒரு கினிப்பன்றி.

அதன் கடைவாய்ப் பற்கள் கோணலாக வளர்ந்து நாக்கின் மேல் கவிந்துவிட்டன. சாப்பாட்டைப் பார்க்கும், ஓடி வரும், வாயில் வைக்கும், கீழே போடும். மதுரையில் ஒரு டாக்டரம்மா மயக்கமருந்து கொடுத்துப் பற்களை ராவிச் சரிசெய்தார். நேற்றுதான் பிரகாசி அதை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"நாலு நாளைக்குள்ள தானா புல்லைக் கடிக்கணும்," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "அதுவரைக்கும் கூழ் கொடுங்க. வெறும் கூழை வெச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. குடல் நின்னுடும்."

மதர் போய்ப் பார்த்தபோது பிரகாசி போண்டாவை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கையில் ஊசியில்லாத சிரிஞ்ச். போண்டாவின் தாடையெல்லாம் பச்சைக் கூழ்.

"விழுங்க மாட்டேங்குது மதர்."

"எவ்வளவு நேரமா?"

"ஏழு மணியிலேருந்து."

மதர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிரகாசி சிரிஞ்சை முன்னாலிருந்து நேராக வாய்க்குள் விட்டாள். அழுத்தினாள். போண்டா தலையைத் திருப்பியது. திருப்பிய பக்கம் சிரிஞ்சும் போயிற்று. மறுபடி அழுத்தினாள்.

"சாப்பிடுடா. சாப்பிடு சாமி. சாப்பிட்டுத் தொலை."

"விழுங்க நேரம் கொடுத்தீங்களா அக்கா?"

பிரகாசி நிறுத்தினாள்.

மதர் சிரிஞ்சை வாங்கினார். பக்கவாட்டில், முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் நுனியை வைத்தார். ஒரே ஒரு சொட்டு. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

போண்டாவின் தாடை இடப்பக்கம் ஒரு முறை அசைந்தது. வலப்பக்கம் ஒரு முறை. தொண்டையில் ஏதோ இறங்கியது.

"இப்படிக் கொடுத்தா விடிஞ்சிடுமே மதர்."

"விடியட்டும்."

அன்று இரவு இருவரும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கூழ் முடிந்தபோது பிரகாசி கேட்டாள்.

"இது தானா சாப்பிட நான் இன்னும் என்ன செய்யணும் மதர்?"

மதர் சிரிஞ்சைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூழ் இறங்கியது. ஆனால் புல்லை அது தொடவில்லை. கொத்தமல்லித் தழையை மூக்கருகே வைத்தால் முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. குடைமிளகாயை நூல் நூலாகச் சீவி வைத்தாள். அது அப்படியே வாடியது. காலையிலும் மாலையிலும் சமையல்கட்டுத் தராசில் அதை எடை பார்த்தாள். எழுநூற்றுப் பத்து கிராம். அறுநூற்றுத் தொண்ணூற்று ஐந்து.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெயசீலி மதரிடம் வந்தாள்.

"மதர், ஒரு ரூமுக்கு ரெண்டு பட்டினி. என்னால பார்க்க முடியல."

"ரெண்டா?"

"பிரகாசி அக்கா தட்டு மூணு நாளா அப்படியே திரும்பி வருது. கேட்டா ஒருசந்தியாம். ஒருசந்தின்னா ஒரு வேளையாவது சாப்பிடணும்ல? இது எந்த ஊர் ஒருசந்தி?"

மதர் ஒரு தட்டில் முட்டைக்கோஸ், கேரட், கொத்தமல்லி, நாலு இட்லி எல்லாம் எடுத்துக்கொண்டு பிரகாசியின் அறைக்குப் போனார். அது வாசலுக்குப் பக்கத்து அறை. அதிலிருந்து ஒரு கதவு நேரே ரோட்டுப் பக்கம் திறக்கும்.

"நேர்ந்துக்கிட்டீங்களா?"

பிரகாசி தலை குனிந்தாள். "மாதாகிட்ட. அது ஒரு வாய் தானா சாப்பிடுற வரைக்கும் என் வாயில பச்சைத்தண்ணி தவிர எதுவும் படாதுன்னு."

"மாதா கேட்டாங்களா?"

"இல்ல."

"போண்டா கேட்டுச்சா?"

பிரகாசிக்குக் கோபம் வந்தது. "உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்ல மதர். உங்களுக்குப் புரியாது."

"புரியாதுதான்," என்றார் மதர். "டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே?"

பிரகாசி பைபிளுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். மதர் அதைக் கடைசி வரி வரை படித்தார். கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்.

"'தனியாக விட வேண்டாம். கூட இருப்பது சாப்பிட்டால் இதுவும் சாப்பிடப் பார்க்கும்.'"

"அது ஜோடி இருந்தா மதர். நம்மகிட்ட இருக்கிறது இது ஒண்ணுதானே. வேற கினிப்பன்றிக்கு எங்கே போறது?"

மதர் புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் படுத்தார். கூண்டின் கதவைத் திறந்து விட்டார். முகத்தைக் கூண்டுக்கு நேராக வைத்துக்கொண்டு ஒரு முட்டைக்கோஸ் இலையை எடுத்துக் கடித்தார். கறுக் கறுக் என்று சத்தம் வர மென்றார்.

வாசல்நிலையில் நின்றிருந்த ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டாள். "பிஷப் வர்ற நாள்ல மட்டும் இதெல்லாம் பண்ணிடாதீங்க மதர்."

"நீ போய் அடுப்பைப் பாரு."

ஜெயசீலி சிரித்துக்கொண்டே போனாள்.

போண்டா மூலையில் இருந்தது. மூக்கு மட்டும் துடித்தது.

"அக்கா, நீங்களும் வாங்க."

"நேர்ச்சை மதர்."

"அதை என்கிட்ட கொடுங்க. மிச்சத்தை நான் நாளையிலேருந்து இருந்துக்கிறேன். மாதாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பிரகாசி மெதுவாகத் தரையில் படுத்தாள். கேரட் துண்டை எடுத்தாள். மூன்று நாளாகக் காய்ந்த வாய். முதல் கடி வலித்தது. இரண்டாவது கடியில் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவது கடிக்கு அவள் கேட்காமலே கை தட்டுக்குப் போயிற்று.

இரண்டு பெண்களும் தரையில் படுத்து மென்றார்கள்.

போண்டா ஒரு அடி முன்னால் வந்தது. நின்றது. இன்னொரு அடி. கூண்டின் விளிம்பில் கிடந்த புல்லில் ஒரு இழையை மூக்கால் தள்ளியது. பிறகு அதன் நுனியை வாய்க்குள் இழுத்தது.

பிரகாசி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அப்போது கீழே கொண்டை ஊசி வளைவில் கடைசி பஸ் ஹாரன் அடித்தது.

பிரகாசியின் தலை கதவுப் பக்கம் திரும்பியது. ரோட்டுப் பக்கத்துக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல் வைத்திருந்தாள். பஸ் வந்தது. நின்றது. யாரோ இரண்டு பேர் இறங்கிப் பேசிக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போனார்கள். பஸ் கிளம்பியது. காற்று உள்ளே வந்ததில் கதவு செங்கல்லில் மோதிற்று.

அவள் திரும்பியபோது போண்டா மூலைக்குப் போயிருந்தது. வாயில் அந்தப் புல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தாடை அசையவில்லை. கதவையே பார்த்தது.

"சனியன் பிடிச்ச காத்து," என்றாள் பிரகாசி.

"காத்து அப்புறம்தான் அக்கா வந்துச்சு. முதல்ல நீங்க மெல்லுறதை நிறுத்துனீங்க."

பிரகாசி எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கதவு ஏன் திறந்திருக்கு?"

"உங்களுக்குத்தான் தெரியுமே மதர். ரெமி வந்தா..."

ரெமி அவள் மகன். இருபத்தோரு வயது. போண்டா அவன் வாங்கி வளர்த்தது. இரண்டு வருஷமாக அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. போன புதிதில் ஒரு சிநேகிதன் மூலமாக ஒரே ஒரு செய்தி வந்தது. 'அம்மாகிட்ட போண்டாவைப் பத்திரமா பார்த்துக்கச் சொல்லு. வந்து எடுத்துக்கிறேன்.' ஜெப வீட்டின் விலாசத்தைப் பக்கத்து வீட்டில் மூன்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் மலை ஏறினாள்.

"வந்து எடுத்துக்கிறேன்னான் மதர். என்னைப் பார்க்க வரேன்னு சொல்லல. இது போயிட்டா அவன் எதுக்கு வருவான்?"

"எனக்குத் தெரியாது அக்கா."

அந்தப் பதிலைப் பிரகாசி எதிர்பார்க்கவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள். மதர் தடுக்கவில்லை.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் மதர் கேட்டார். "ரெமி வந்தா தட்ட மாட்டானா?"

பிரகாசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"தட்டினான்."

மதரும் எழுந்து உட்கார்ந்தார்.

"காலேஜை விட்டுட்டேன்னு வந்து சொன்ன நாள். பெரிய சண்டை. கோச்சுக்கிட்டு வெளியே போனான். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து தட்டினான். நான் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். அம்மா, அம்மான்னான். கொஞ்சம் உறைக்கட்டும்னு உள்ளேயே உக்காந்திருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம், தரையில. அவன் கை படுறது முதுகுல தெரிஞ்சுச்சு மதர். அப்புறம் நின்னுடுச்சு. படியில படுத்துட்டான் போல, காலையில காப்பி கொடுத்துச் சமாதானம் பண்ணிக்கலாம்னு நினைச்சேன்."

"காலையில?"

"படியில யாரும் இல்ல."

பின்கட்டில் ஜெயசீலி ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

"அதுக்கப்புறம் நான் படுக்கிற இடத்துல எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டதில்ல," என்றாள் பிரகாசி. "மழை பெய்யட்டும், குளிரட்டும், நாய் வரட்டும். அவன் கையை வெச்சா கதவு தானா திறக்கணும்."

காற்று மறுபடி வந்தது. கதவு மோதியது. போண்டாவின் உடம்பு முழுக்க ஒரு தரம் நடுங்கி நின்றது. வாயிலிருந்த புல் கீழே விழுந்தது.

பிரகாசி அதைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடி போண்டாவைப் பார்த்தாள்.

"நான் என்ன செய்யணும் மதர்?"

முதல் நாள் ராத்திரி அவள் கேட்ட கேள்விதான். குரல்தான் வேறாக இருந்தது.

மதர் கீழே விழுந்த புல்லை எடுத்துக் கூண்டுக்குள் வைத்தார்.

"இன்னிக்கு ராத்திரி ரெமி வந்து தட்டினா என்ன செய்வீங்க?"

"திறப்பேன்."

"எத்தனை மணிக்கு வந்தாலும்?"

"எத்தனை மணிக்கு வந்தாலும்."

"குடிச்சிட்டு வந்தா? காசு இல்லாம, வேலை இல்லாம வந்தா? போண்டா எங்கேன்னு மட்டும் கேட்டா?"

"திறப்பேன் மதர். திறப்பேன்."

"அப்படின்னா தாழ்ப்பாள் போடலாம் அக்கா. தட்டினா திறக்கத்தான் போறீங்களே."

பிரகாசி எழுந்து கதவுக்குப் போனாள். செங்கல்லைக் குனிந்து எடுத்தாள். வெளியே ரோட்டில் யாரும் இல்லை. பனி இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எட்டு மாதமாக யாரும் தொடாத தாழ்ப்பாள். துருவேறி இறுகியிருந்தது. ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினாள். அது உள்ளே போய் விழுந்தது.