மண்சுவருக்கு மாளிகைத் தளம்

முன்னொரு காலத்தில், எந்த ஊர், எந்த நாடு என்று கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான், யாரும் எதிர்த்துப் பேசாதவரைக்கும்.

அவனைப் பாலூட்டி வளர்த்த செவிலித்தாய் வெள்ளச்சி, கோட்டைக்கு வெளியே ஒரு செம்மண் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கூரையோ பழைய பனையோலை, ஐப்பசி மழைக்கு அவள் தலைமாட்டிலேயே ஒழுகியது. ராஜாவுக்கு மனசு ஆறவில்லை. “புதுக்கூரை போடுங்கள்! எதில் போடலாம்?” என்று சபையில் கேட்டான்.

பிரதானி அரசகேசரியார் முந்திக்கொண்டார். “ஓலை ஏழைக்கு, ஓடு வணிகனுக்கு. மன்னருக்குப் பாலூட்டியவருக்கு அரண்மனை போலவே செங்கல் அடுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைத்து மேல்தளம் போடுவதே தகும், பிரபு!”

ராஜா பூரித்துப் போனான். கூரை வேலைக்கு வந்திருந்த கொத்தன் மூக்கன்தான் கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தான். “மண்ணுச் சுவரு சாமி. அறுபது வருசமா ஓலையைத்தான் சொமந்திருக்கு. சுவரோட தெம்பப் பாத்துத்தான் கூரை போடணும். தளத்த ஏத்துனா உக்காந்துரும். ஆத்தா உள்ள இருக்காங்க. வேண்டாம் சாமி.”

“என் தாய்க்கு நான் செய்வதைத் தடுக்க நீ யார்? தளம் வேண்டாம் என்று எந்த நாக்கு சொல்கிறதோ, அந்த நாக்கை அறுங்கள்!” என்று ராஜா கத்தினான். மூக்கனைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள். மறுநாள் உச்சிப்பொழுதில் தண்டனை. பாவி மனுஷன், தொழில் தெரிந்ததுதான் அவன் செய்த குற்றம்!

சபையின் விகடகவி ஆவுடையான் மேல் பிரதானிக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். இதுதான் சமயமென்று, “வேலையை ஆவுடையானே மேற்பார்க்கட்டும், பிரபு” என்றார். தடுத்துப் பேசினால் நாக்கு போகும், பேசாமல் கட்டினால் வீடு விழுந்து தலை போகும். ஆவுடையான் அன்றிரவே சிறைப்பக்கம் போனான். மூக்கன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலை ஆவுடையான் செங்கல்லும் சாந்துச் சட்டிகளுமாகச் சபைக்குள் நுழைந்தான்.

“மன்னர் சொன்னபடியே தளம் போடுகிறேன். சுவர் தாங்குமா என்று மட்டும் பார்த்துவிட வேண்டும். பிரதானியாரே, தாங்கும்தானே?”

“நன்றாகத் தாங்கும்” என்றார் பிரதானி.

“அந்தச் சுவருக்கு வயது அறுபது, பிரபு. பிரதானியாருக்கும் அறுபது. சுவருக்கு வாயில்லை. அதன் இடத்தில் இவர் சற்றே நிற்கட்டும்.”

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்திருந்தது, தலையசைத்தான். பிரதானியால் மறுக்க முடியவில்லை. தலையில் சும்மாடு வைத்து முதல் சட்டியை ஏற்றினார்கள். சிரித்தார். இரண்டாவது சட்டிக்குச் சிரிப்பு நின்றது. அதன்மேல் செங்கல்லை ஒவ்வொன்றாக அடுக்க அடுக்க முழங்கால் நடுங்கியது.

“இன்னும் கால்வாசிகூட ஆகவில்லையே!” என்றான் ஆவுடையான்.

“ஐயையோ, கழுத்து ஒடிகிறதே! இந்தத் தளம் ஆகாது! வேண்டாம், வேண்டாம், எடுங்கள்!” என்று அலறினார் பிரதானி.

ஆவுடையான் ராஜாவை வணங்கினான். “கொத்தன் வேண்டாமென்று ஒருமுறை சொன்னான். பிரதானியார் இரண்டுமுறை சொல்லிவிட்டார். அறுத்தால் இரண்டு நாக்கையும் அறுக்க வேண்டும், விட்டால் இரண்டையும் விடவேண்டும். தங்கள் சித்தம், பிரபு.”

ராஜா ஒரு கணம் முறைத்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இருவரையும் மன்னித்தேன்! கொத்தனைக் கொண்டுவாருங்கள்!” என்று சொல்லித் தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையானுக்குப் போட்டான்.

மூக்கன் வந்தான். ஓர் இரவில் பாதியாக இளைத்திருந்தான்.

“பயப்படாதே. என் தாய்க்கு எந்தக் கூரை நல்லது, நீயே சொல்” என்றான் ராஜா.

“மகராசா எது சொல்றீங்களோ அதாஞ் சாமி நல்ல கூரை.”

“தளமே போட்டுவிடலாமா?”

“போட்டுரலாஞ் சாமி.”

“எவ்வளவு பணிவு!” என்று ராஜா மறுபடியும் சிரித்தான். சபையும் சிரித்தது. ஆவுடையான் மட்டும் சிரிக்கவில்லை. புதுப் பனையோலையே போதும் என்று கடைசியில் அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மூக்கன் அதை ஒரு சொட்டு ஒழுகாமல் வேய்ந்து கொடுத்தான். வெள்ளச்சி அதன் கீழேயே நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகும் மூக்கன் எத்தனையோ வீடுகளுக்குக் கூரை போட்டான். எது கேட்டாலும் “போட்டுரலாஞ் சாமி” என்பான். அவற்றில் இரண்டு வீடுகள் விழுந்தன.