நாற்பத்து மூன்று பேருக்கு ஒரே நன்றி

"என்கிட்ட யாரும் நிலைச்சு வேலை பார்க்கிறதில்லை அம்மா."

சிறுமலையில், பூங்கோதையின் தியான வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னவர் டாக்டர் குலசேகரன். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குருவான பூங்கோதைக்கு முப்பத்தைந்து. ரத்தக் கொதிப்புக்கு மூச்சுப் பயிற்சி கற்க வந்தவர், இரண்டு வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிறு மலையேறி வந்துகொண்டிருந்தார்.

ஆறு மாதத்தில் மூன்று நர்ஸுகள் போய்விட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இப்போது ஜெசிந்தா. பதினோரு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தவர். கரூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"நான் நன்றி கெட்டவன் இல்லை. மாசாமாசம் எல்லாருக்கும் நன்றி சொல்றேன்."

"எப்படி?"

போனை நீட்டினார். முதல் தேதியன்று நாற்பத்து மூன்று பேருக்கு ஒரே செய்தி. கீழே ஒரு ரோஜாப்பூ, ஒரு கும்பிட்ட கை.

பூங்கோதை படித்தார். உள்ளே போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

"ஜெசிந்தாவுக்கு மட்டும் எழுதுங்க."

இரண்டே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். பூங்கோதை தாளை நேராகப் பிடித்துப் பார்த்தார். சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

என் எழுத்து மருந்துக்கடைக்காரருக்குத்தான் புரியும் என்று சிரித்தார் டாக்டர்.

"ஜெசிந்தா மருந்துக்கடை வச்சிருக்காங்களா?"

சிரிப்பு நின்றது. மறுபடி எழுதினார், இந்த முறை நிதானமாக. 'அன்புடையீர், தங்களின் பல ஆண்டு கால ஒத்துழைப்புக்கும் அயராத உழைப்புக்கும் என் மனமார்ந்த நன்றி.'

பூங்கோதை அதை எடுத்துக்கொண்டு எழுந்தார். முற்றத்தின் ஓரத்தில், அங்கே வேலை செய்யும் வீராயி மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுதியது என்று சொல்லி அவள் கையில் கொடுத்தார்.

வீராயி எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் மலர்ந்துபோனது. தான் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது, இருந்தாலும் சந்தோஷம் என்று சொல்லி, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

குலசேகரனுக்குக் கோபம் வந்தது. அது ஜெசிந்தாவுக்கு எழுதியது என்றார்.

"அப்படின்னு அதுல எங்க இருந்துச்சு?"

அவர் வீராயி பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வேற யார் கையில கிடைச்சாலும், இது எனக்கில்லைன்னு திருப்பித் தர்ற மாதிரி ஒண்ணு எழுதுங்க."

வெறும் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார் பூங்கோதை.

*

திங்கள் போனது. செவ்வாய் போனது. தாள் வெறுமையாகவே இருந்தது.

பதினோரு வருடம். எத்தனை ஆயிரம் முறை அந்தக் கை தன் பக்கம் நீண்டிருக்கும். அதில் ஒன்றைக்கூடத் தனியாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. நேரத்துக்கு வருவார் என்று எழுதலாமா? வாட்ச்மேனும் நேரத்துக்குத்தான் வருகிறார். யோசித்தபோதுதான் தெரிந்தது, இத்தனை வருடத்தில் ஜெசிந்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. எல்லா நர்ஸும் அவருக்கு 'சிஸ்டர்'தான்.

புதன்கிழமை தியேட்டரில், தையல் போடப் போகும் நேரம். தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். முகமூடிக்குள் ஜெசிந்தாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ரத்தம் ஒற்றி எடுத்த துணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

குலசேகரனின் கை ஒரு கணம் நின்றுவிட்டது.

போன கார்த்திகை மாதம் நடந்தது ஞாபகம் வந்தது. சின்னக்காளை என்ற லாரி டிரைவருக்குக் குடலில் அறுவை. வயிற்றை மூடப் போகும்போது ஜெசிந்தா, துணி ஒன்று குறைகிறது என்றார். ஒழுங்காக எண்ணச் சொன்னார் குலசேகரன். எண்ணிவிட்டு, குறைகிறது என்றார். மூன்றாம் முறையும் அதையே சொன்னார். எண்ணத் தெரியாவிட்டால் வெளியே போ என்று குலசேகரன் கத்தினார். தியேட்டரில் ஏழு பேர் இருந்தார்கள்.

ஜெசிந்தா போகவில்லை. தையல் ஊசியையும் தரவில்லை.

வேறு வழியில்லாமல் மறுபடி கையை விட்டுத் தேடினார். துணி கல்லீரலுக்குப் பின்னால் இருந்தது. எடுத்துத் தட்டில் போட்டார். ஒரு வார்த்தை பேசாமல் தைத்து முடித்து, கை கழுவிவிட்டுப் போய்விட்டார்.

எட்டாம் நாள் சின்னக்காளை வீடு திரும்பினார். அடுத்த வாரம் ஒரு கூடை கொய்யாப்பழத்தோடு வந்து டாக்டரின் காலைத் தொட்டார். டாக்டர் அந்தப் பழத்தைத் தியேட்டருக்கு அனுப்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வியாழக்கிழமை நான்கு தாள் வீணானது. ஐந்தாவதில் எழுதினார், பள்ளிக்கூடத்துப் பையனைப்போல ஒவ்வொரு எழுத்தாக:

'ஜெசிந்தா, சின்னக்காளைக்கு அறுவை செய்த அன்று துணி ஒன்று குறைகிறது என்று மூன்று முறை சொன்னீர்கள். உங்களை வெளியே போகச் சொன்னேன். நீங்கள் போகவில்லை. ஊசியும் தரவில்லை. அவர் இப்போது மறுபடி லாரி ஓட்டுகிறார். அது உங்களால். அன்றே சொல்லியிருக்க வேண்டும். நன்றி. குலசேகரன்.'

வெள்ளிக்கிழமை, கருவிகளைக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அவரிடம் கொடுத்தார்.

ஜெசிந்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"அன்னைக்கு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு டாக்டர்" என்றார். "நீங்க இன்னொரு தடவை கத்தியிருந்தா ஊசியைக் கொடுத்திருப்பேன்."

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் கரூருக்குப் போய்விட்டார்.

*

அடுத்த மாதம் குலசேகரன் மலையேறி வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். ஜெசிந்தா சொன்னதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை என்றார்.

பூங்கோதை கேட்டார்.

"இப்ப அந்த இடத்துல யார் நிக்கிறாங்க?"

"மெஹருன்னிசா. நத்தம் பக்கம். இடதுகைப் பழக்கம் அந்தப் பொண்ணுக்கு. கருவி மேசையை இந்தப் பக்கம் மாத்திப் போடச் சொல்லிட்டேன்."

பிறகு தானாகவே ஆரம்பித்தார். போன செவ்வாய்க்கிழமை. நோயாளி மேசைமேல் படுத்திருக்கிறார். மருந்தை ஏற்றப் போகும்போது மெஹருன்னிசா, ஒரு நிமிஷம் டாக்டர் என்றாளாம். இந்த அம்மாவுக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எங்கோ படித்த ஞாபகம் என்றாளாம். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மொத்தத் தியேட்டரும் டாக்டரின் முகத்தைப் பார்த்தது.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நிறுத்தினேன். ஃபைலை முழுசாப் புரட்டினோம். அப்படி எதுவும் இல்லை. வேற யாரோ நோயாளியோடதை நினைச்சுக் குழப்பிட்டா. பத்து நிமிஷம் போச்சு. அந்தப் பொண்ணு முகம் வெளுத்துடுச்சு."

"அப்புறம்?"

"மத்தியானமே ஒரு தாள் எடுத்து, நன்றின்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

பூங்கோதை அவரைப் பார்த்தார்.

"தப்பாச் சொன்னதுக்கா?"

"சொன்னதுக்கு."