கொடியில் காய்ந்த துணி

பாளையங்கோட்டையில் ஜெபமணி டீச்சர் ஞாயிற்றுக்கிழமைதோறும் புகைப்படம் எடுக்கச் சொல்லித்தருவார். எங்களில் மூத்தவர் குற்றாலிங்கம் சார். டீச்சரைவிடவே வயதில் பெரியவர். நல்ல மனுஷன்தான். ஆனால் லென்ஸ் என்று பேச்சு வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது.

ஒரு நாள் வந்து, கேமராவோடு சேர்த்துக் கொடுத்த லென்ஸைத் தூரப் போட்டுவிட்டு உருப்படியாக ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டார். அவர் மனைவி கோமதியக்காவுக்குப் புற்றுநோய் என்று அப்போதுதான் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் மருந்து ஏற்றப்போகிறார்கள், முடியெல்லாம் கொட்டிவிடுமாம். அதற்கு முன்னால் ஜடை பின்னி, பூ வைத்து, ஒரே ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"இருக்கிற லென்ஸ்லயே எடுங்க சார்," என்றார் டீச்சர்.

"அதுல பின்னாடி மங்கலா வராது டீச்சர்."

"பின்னாடி என்ன இருக்கு?"

"கொடியில துணி காயுது."

"துணியை எடுத்துருங்க."

குற்றாலிங்கம் சார் சிரித்துவிட்டார். டீச்சருக்குப் புது லென்ஸ்களைப் பற்றி ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

அப்புறம் எந்நேரமும் யூடியூப்தான். ஐம்பது எம்.எம். லென்ஸா, எண்பத்தைந்தா? ஒருத்தன் ஆகா ஓகோ என்பான், இன்னொருத்தன் அதையே குப்பை என்பான். மருந்து ஏற்றுவதற்கு முந்தின நாள் கோமதியக்கா பட்டுச்சேலை கட்டி, பிச்சிப்பூ வைத்துக்கொண்டு, மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இவர், கொஞ்சம் பொறு, லென்ஸுக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் ஜோராக எடுத்துவிடலாம் என்றாராம். பொழுது சாயும்வரை இருந்து பார்த்துவிட்டு, அக்கா பூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாராம். பாவி மனுஷன் இதைப் பிற்பாடு அவரே எங்களிடம் சொன்னார்.

லென்ஸ் வந்து சேர்வதற்குள் முடி போய்விட்டது.

மறுபடி வகுப்புக்கு வந்தவரிடம் டீச்சர், அக்கா படம் எங்கே என்று கேட்டார். அவர் கேமராவை நீட்டினார். மொட்டைமாடியில் காலி நாற்காலி. அதன் பிளாஸ்டிக் கீறல்கூட அத்தனை தெளிவு. பின்னாலிருந்த கொடியும் துணியும் கரைந்து வெறும் நிறமாகக் கிடந்தன.

"அவ வந்ததும் எடுக்கலாம்னு சரிபார்த்து வச்சேன் டீச்சர். இந்தத் தலையையா எடுக்கப் போறீங்கன்னு கேட்டா. கதவைச் சாத்திக்கிட்டா."

அப்புறம் அவரே கேட்டார்.

"நான் வாங்கினது சரியான லென்ஸ்தானே டீச்சர்?"

டீச்சர் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தார். கேமராவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"துணி நல்லாவே மறைஞ்சிருக்கு சார்," என்றார்.